மருந்துப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமியாருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மகன் ஆங்கில வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பள்ளிச் சுற்றறிக்கை, வங்கிக் கடிதம், மருத்துவக் காப்பீட்டுத் தாள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். வாசித்து முடித்த பிறகு அதில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மகனிடம் கொடுத்து அர்த்தம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்தால் பழகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்து ஐந்து வரி தாண்டுவதற்குள் அலுத்துவிடுகிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தலையங்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது உங்களுக்கு எட்டாதது என்பதால் சொல்லவில்லை. நாடாளுமன்ற விவாதம், வெளியுறவு, வட்டி விகிதம் இவற்றைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருபவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுவது அது. விஷயமும் புதிது, மொழியும் புதிது என்றால் யாருக்குமே தலை சுற்றத்தான் செய்யும். இரண்டில் ஒன்றாவது ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள் நிறைய இருக்கின்றன: சமையல், துணி, மாமியாரின் மருந்து, பிள்ளையின் பள்ளி, மழை, கடைக் கணக்கு. அவற்றை ஆங்கிலத்தில் படியுங்கள்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததை ஒரு சிறிய மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பாலை நன்கு அறிந்த பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்வதில் நமக்கு இருக்கும் விஷய ஞானத்துக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது. பல ஆண்டுக் குடும்ப அனுபவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றுமே தெரியாதவரைப் போல ஆங்கிலத்தின் முன் போய் நிற்க வேண்டாம்.

குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலின் அட்டைப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். ‘ஸ்டோர்’ என்று தொடங்கி, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்று ஒரு வரி இருக்கும். அதை ஒட்டியே ‘டூ நாட் ஃப்ரீஸ்’ என்று இருக்கும். இந்த வரிகளுக்கு உங்களுக்கு அகராதி எதற்கு? இன்சுலினைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும், மேலே ஐஸ் அறையில் வைக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு வரியைப் பார்த்தால் எந்தச் சொல் வைப்பதைச் சொல்கிறது, எது உறைவதைச் சொல்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும். இப்படிக் கற்ற சொல் மறக்காது. ஆனால் மருந்தின் அளவிலோ நேரத்திலோ துளி சந்தேகம் வந்தாலும் ஊகிக்காதீர்கள். மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிடுங்கள்.

அடுத்து மளிகைச் சாமான். மாமியாருக்காக வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் போட்டிருக்கும். பின்பக்கம் முதல் சொல்லே ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்’ என்று இருந்தால் அதில் அதிகம் இருப்பது மைதா. ‘நோ ஆடட் ஷுகர்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் தனியாகச் சர்க்கரை சேர்க்கவில்லை என்று மட்டும்தான் பொருள். உள்ளே சர்க்கரையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சத்துப் பட்டியலில் மொத்தச் சர்க்கரைக்கு ஒரு வரியும் சேர்த்த சர்க்கரைக்கு ஒரு வரியும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பார்த்து, ‘இதை அத்தைக்குக் கொடுக்கலாமா?’ என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள். அதே பொட்டலத்தில் ‘பெஸ்ட் பிஃபோர் 6 மந்த்ஸ் ஃப்ரம் பேக்கேஜிங்’ என்று ஓரிடத்திலும், பொட்டலமிட்ட தேதி வேறோர் ஓரத்திலும் அச்சாகியிருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த மாதம் வரை என்பது தெரியும். வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகள் ஒரு பத்தியைப் படித்துக் கேள்விக்கு விடை தேடுகிறார்களே, அவர்கள் செய்வதும் இப்படி ஓரிடத்துச் செய்தியை இன்னோரிடத்துச் செய்தியோடு சேர்த்துப் பார்ப்பதைத்தான்.

நீங்கள் கேட்டதில் முக்கியமானது, வாசித்து முடித்த பிறகு ஒன்றும் நிற்பதில்லை என்பது. எழுத்துக்கூட்டும்போது மனம் முழுக்க உச்சரிப்பிலேயே போய்விடுகிறது. ஆகவே வாய்விட்டுப் படிக்க வேண்டாம், மனத்துக்குள் படியுங்கள். படிப்பதற்கு முன் இந்தத் தாளிலிருந்து எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று தமிழில் ஒரு கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். பள்ளிச் சுற்றறிக்கை என்றால், ‘எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் போக வேண்டும், எதை எடுத்துப் போக வேண்டும்?’ பதில் கிடைத்தவுடன் அதையும் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் படித்ததை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் முறை படிக்கும்போது அகராதியைத் தொடாதீர்கள். தெரியாத சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். கடைசிவரை படித்து, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தால் கோடு போட்ட சொற்களில் பாதியை விட்டுவிடலாம். பதில் வருவதைத் தடுக்கும் சொல்லை மட்டும் அகராதியில் பாருங்கள். ஹூ, நேஷன் என்ற இரு மொழியியல் அறிஞர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் உதவியில்லாமல் ஒரு பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும். தலையங்கத்தில் உங்களுக்கு ஒரு வரிக்கே இரண்டு மூன்று சொல் தெரியாமல் போயிருக்கும். குற்றம் உங்களுடையது அல்ல. கையில் எடுத்த பகுதியில் நூறு சொல்லுக்குள் ஏழெட்டுக் கோடு விழுந்துவிட்டால் அதை மூடி வைத்துவிட்டு எளிதான வேறொன்றை எடுங்கள்.

நீளமான சொற்களைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் காலை வாருபவை குட்டிச் சொற்கள். சுற்றறிக்கையில் ‘ஸ்டூடண்ட்ஸ் நீட் நாட் கம்’ என்று இருந்தால் பிள்ளைகள் வரத் தேவையில்லை, விரும்பினால் அழைத்து வரலாம். ‘மஸ்ட் நாட் கம்’ என்றால் வரவே கூடாது. இருசக்கர வாகனத்தின் உத்தரவாத அட்டையில் இத்தனை ஆண்டு, அல்லது இத்தனை கிலோமீட்டர் என்று போட்டு, ‘விச்சவர் இஸ் எர்லியர்’ என்று முடிப்பார்கள். இரண்டில் எது முந்துகிறதோ அதோடு உத்தரவாதம் முடிந்தது. காப்பீட்டுத் தாளில் ‘அன்லெஸ்’ (இல்லாவிட்டால்), ‘எக்ஸெப்ட்’ (தவிர), ‘ஒன்லி ஆஃப்டர்’ (பிறகுதான்) என்ற சொற்களைக் கண்டால் அங்கே நின்று இன்னொரு முறை படியுங்கள். பணம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்த இடத்தில்தான் இருக்கும். உதாரணமாக, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. 2024 முதல் அது அதிகபட்சம் 36 மாதம். உங்கள் மாமியாருக்கு எடுத்த பாலிசியில் அது எத்தனை மாதம் என்று நீங்களே தேடிப் பாருங்கள். தாள் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, ‘வெயிட்டிங் பீரியட்’ என்ற தலைப்பு எங்கே என்று கண்ணை ஓட்டினால் போதும். எதை விட்டுவிட்டு எதைப் படிப்பது என்று தெரிவதும் வாசிப்பில் சேர்த்திதான்.

நீண்ட வாக்கியம் வந்தால் இன்னொரு சங்கடம். நாம் தமிழில் நிபந்தனையையெல்லாம் முன்னால் அடுக்கிவிட்டு, செய்தியைக் கடைசி வினைச்சொல்லில் சொல்வோம்: ‘மாதம் முடிவதற்குள் தவணை கட்டாவிட்டால் அபராதம் விதிக்கப்படும்.’ ஆங்கிலக் கடிதம் பெரும்பாலும் அபராதத்தை முதலில் சொல்லிவிட்டு நிபந்தனையைப் பின்னால் தொங்கவிடும். அபராதம் என்ற சொல்லைப் பார்த்த அதிர்ச்சியிலேயே பலர் மீதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் வினைச்சொல் எது, அதைச் செய்வது யார் என்று கண்டுபிடியுங்கள். அதன் பிறகு எப்போது, எந்த நிலையில் என்று தேடிப் போங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தாலே வங்கிக் கடிதம் அவ்வளவாக மிரட்டாது.

இப்போது ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு ஏற்ற ஒரு பயிற்சி. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ‘ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்புள்ளது’ என்று கேட்டுக் கேட்டு அந்த வரி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தன் அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் வெளியிடுகிறது. இரண்டையும் கைபேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘லைட் டு மாடரேட் ரெயின்’, ‘ஐசொலேட்டட் பிளேசஸ்’ என்று அதே வரி ஆங்கிலத்தில் கிடைக்கும். வானிலைத் துறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாமல். ஒருசில இடங்கள் என்றால் அதற்கு மேல் பாதி வரை. ‘ஹெவி ரெயின்’ என்பது 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர், ‘வெரி ஹெவி’ என்பது 12 முதல் 20, அதற்கும் மேலே போனால் அதி கனமழை. அறிக்கை நாள்தோறும் ஒரே அச்சில்தான் வரும். ஊர்ப் பெயரும் அளவும்தான் மாறும். அதனால்தான் இதைப் பயிற்சிக்கு மிகவும் நல்லது என்கிறேன். நான்காவது நாள் தமிழ் அறிக்கையைத் திறக்காமல் ஆங்கிலத்தை மட்டும் படித்து, நாளை துணி உலர்த்தலாமா, பிள்ளைக்குக் குடை கொடுத்து அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். பிறகு தமிழைத் திறந்து சரிபாருங்கள்.

இன்னும் கொஞ்சம் நீளமாகப் படிக்கத் தெம்பு வந்ததும் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் அதே பாடங்கள், அதே படங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் தமிழில் ஒரு பக்கம், உடனே ஆங்கிலத்தில் அதே பக்கம். உணவு, நோய், தாவரம் என்று வீட்டோடு ஒட்டிய பாடமாகப் பார்த்துத் தொடங்குங்கள். பாடத்தின் முடிவில் கேள்விகள் இருப்பதால் புரிந்ததா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம். கைபேசியை நீட்டினால் தமிழாக்கித் தரும் செயலிகளைப் பயன்படுத்தலாமா என்று நினைப்பீர்கள். தாராளமாக. ஆனால் நீங்கள் படித்து, பதிலை எழுதி முடித்த பிறகு. முதலிலேயே தமிழைப் பார்த்துவிட்டால் கண் ஆங்கிலப் பக்கம் திரும்பவே திரும்பாது.

மகனிடம் காட்டிய கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது மனம் சங்கடப்பட்டது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் மணிமணியாக வாசிப்பார்கள், என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள். உங்களுக்கு இருக்கும் அதே பிரச்சினை அவனுக்கும் இருக்கக்கூடும். பள்ளியிலிருந்து தாள் வந்தால் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அவன் வாசிக்கட்டும், கேள்விகளை நீங்கள் தமிழில் கேளுங்கள்: ‘சனிக்கிழமை நீயும் வரணுமா, நான் மட்டும் போனால் போதுமா? எந்த வரியில் அப்படிப் போட்டிருக்கிறது, காட்டு.’ அந்த வரியை அவன் தேடிக் காட்டும்போது இருவருக்கும் பாடம் நடக்கிறது. அம்மா கேள்வி கேட்கிறாள் என்று அவன் நினைப்பானே தவிர, அம்மாவுக்குத் தெரியவில்லை என்று நினைக்கமாட்டான். அப்படியே நினைத்தாலும், வீட்டில் பெரியவர்களும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலும் அங்கே பேசத்தான் பழக்குவார்கள். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது தாளைப் படித்து முடிவெடுப்பது. கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பொறுங்கள். இரவு வேலை முடிந்த பிறகு இருபது நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு தாள். முதல் வாரம் மருந்துப் பெட்டியும் பொட்டலங்களும், அடுத்து வானிலை அறிக்கையும் சுற்றறிக்கையும், அதன் பிறகு வங்கி, காப்பீடு. மூன்று மாதம் கழித்தும் பேசவும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது வகுப்பில் சேருங்கள். சேரும் முன் அவர்கள் தரும் விண்ணப்பத்தில், கட்டிய பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார்களா என்று நீங்களே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.