மஞ்சுவிரட்டில் மாடு முட்டியவருக்கு கேசுவால்டி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பலாமா?

அனுப்பக் கூடாது. சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று காரைக்குடி, திருப்பத்தூர் பக்கம் கேசுவால்டியில் டியூட்டி பார்க்கிற இளம் டாக்டர்கள் எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படுக்கையிலேயே ஐந்து நிமிடத்தில் பார்க்கும் ஈ-ஃபாஸ்ட் என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒரே கேள்விக்குத்தான் பதில் தரும்: இருக்கக் கூடாத இடத்தில் இப்போது ரத்தமோ காற்றோ நிற்கிறதா? குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதா, வயிற்றுக்குப் பின்புறம் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. மாடு குத்தலில் பயப்பட வேண்டியதே அங்கேதான். வெளியே காயம் இரண்டு விரல் அகலம் இருக்கும். குத்திய வேகத்தில் மாடு தலையை உதறியிருந்தால் அதே துளைக்குள் கொம்பு இரண்டு மூன்று திசையில் போய் வந்திருக்கும். குடல் கிழிந்தவருக்கு முதல் சில மணி நேரம் ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம். அவரைப் பிடித்து வைத்து, வயிற்றை மறுபடி மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது ஸ்கேன் பார்க்கும் முறை. உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவிதான் ப்ரோப். இதற்கு வளைந்த ப்ரோப், 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். ஆழத்தை 15 சென்டிமீட்டருக்கு மேல் வைத்துத் தொடங்குங்கள். ப்ரோபின் குறி நோயாளியின் தலைப்பக்கம். முதலில் வலது விலாப் பக்கம், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே. நடுவில் மட்டும் பார்த்துவிட்டு நகர்வதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ரத்தம் முதலில் சேர்வது கல்லீரலின் கீழ் நுனியில். ப்ரோபை இடுப்புப் பக்கம் சரித்து அந்த நுனி முழுதாகத் தெரியும்வரை பாருங்கள். கறுப்பாக மெல்லிய கோடு ஒன்று அங்கே தெரிந்தாலே போதும்.

இடது பக்கம்தான் கைக்குச் சிரமம். வலப்பக்கத்தைவிட மேலேயும் பின்னாலேயும் போக வேண்டும். உங்கள் கைவிரல் முட்டி மெத்தையில் இடிக்கிற அளவுக்குப் பின்னால். அங்கே ரத்தம் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் வருவதற்கு முன் மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) இடையில்தான் தேங்கும். சாப்பிட்ட வயிறு என்றால் இரைப்பையில் இருக்கும் நீரை ரத்தம் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடிவயிற்றைப் பார்த்த பிறகே யூரின் ட்யூப் போடுங்கள். நிறைந்த மூத்திரப்பைதான் அந்த இடத்துக்கு ஜன்னல். அவசரத்தில் நர்ஸ் முதலில் ட்யூபைப் போட்டுவிட்டால் படம் பாதி போய்விடும். இதயத்துக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே ப்ரோபைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து அழுத்துங்கள். முழங்காலை மடக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் இதயம் கீழே இறங்கி வரும்.

நெஞ்சில் முட்டுப்பட்டவருக்கு நுரையீரலை மறக்கவே கூடாது. நேர் ப்ரோப், ஆழம் 4, 5 சென்டிமீட்டர், இரண்டாவது அல்லது மூன்றாவது விலா இடைவெளி. மல்லாந்து படுத்தால் காற்று மேலே வரும், அதனால் முன்பக்கம்தான் பார்க்க வேண்டும். இரண்டு விலா நிழல்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு ஒன்று மூச்சோடு சேர்ந்து, வரிசையாக எறும்பு ஊர்வதுபோல் நகர வேண்டும். நகரவில்லை என்றால் நுரையீரலுக்கு வெளியே காற்று அடைத்திருக்கலாம். ஆனால் செயற்கை மூச்சுக்காகத் தொண்டை வழியே போட்ட ட்யூப் மூச்சுக்குழாயின் வலப்பக்கக் கிளைக்குள் இறங்கிப்போயிருந்தாலும் இடப்பக்கம் அசையாது. மூச்சு முட்டி பிபி விழுகிறவருக்கு மெஷின் ஆன் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊசியைப் போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

சுமார் 200 மில்லிக்குக் குறைந்த ரத்தம் பெரும்பாலும் தெரியாது. பழகாத கைக்கு அரை லிட்டர்கூடத் தப்பிப்போகும். உறைந்த ரத்தம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் கல்லீரல் போலவே தெரிந்து ஏமாற்றும். ஆகவே அரை மணி கழித்து ஒருமுறை, பிபியோ நாடியோ மாறினால் உடனே ஒருமுறை, 108 வண்டியில் ஏற்றும் முன் ஒருமுறை பாருங்கள்.

முடிவு பிபியைப் பொறுத்தது. பிபி விழுந்து வயிற்றில் ரத்தமும் இருந்தால் சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோய் நேரம் கழிக்காமல் ஆபரேஷன் தியேட்டருக்கு. பிபி நன்றாக இருந்து ரத்தம் தெரிந்தால் கான்டிராஸ்ட் சிடி, அதாவது ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி. பிபி விழுந்தும் ஸ்கேன் சுத்தம் என்றால் இடுப்பெலும்பு, தொடையெலும்பு, வயிற்றின் பின்புறம், வரும் வழியில் சிந்திய ரத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். காரைக்குடியிலிருந்து சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கே ஒரு மணி நேரம் போல ஆகும், மதுரை ராஜாஜி மருத்துவமனை இன்னும் தூரம். அதனால் ஸ்கேனில் ரத்தம் பார்த்த அந்த நிமிடமே அங்கே போன் போட்டு, ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லிவிடுங்கள்.

திறந்த காயத்தின் அருகே பார்க்கும்போது ஸ்டெரைல் கையுறைக்குள் ஜெல் விட்டு அதற்குள் ப்ரோபை நுழைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஜெல்லைத் துடைத்து, அந்தக் கம்பெனி சொன்ன துடைப்பான் மட்டும் போடுங்கள். ஸ்பிரிட் பட்டால் சில ப்ரோபுகளின் முகப்பு விரிசல் விட்டுவிடும். மைதானத்து முகாமுக்குப் போர்ட்டபிள் மெஷினை நினைத்தபடி தூக்கிப் போகவும் முடியாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 பிசிபிஎன்டிடி சட்டப்படி மெஷினும் அது இருக்கும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும்.

ரெஃபரல் சீட்டில் ‘ஃபாஸ்ட் நெகட்டிவ்’ என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அப்போது பிபி என்ன, எந்த இடம் சரியாகத் தெரியவில்லை என்று எழுதுங்கள். இடது பக்கம் தெரியவில்லை என்று நீங்கள் எழுதினால்தான் அங்கே இருப்பவர் முதலில் அந்தப் பக்கம் ப்ரோபை வைப்பார்.