நடவுப் பெண்களும் நாட்டிய மேடையும்

மதிப்பிற்குரிய ஐயா,

சிறு வயதிலிருந்து பரதம் பயில்கிறேன். தைவானின் லின் ஹ்வாய்-மின் 2013இல் அமைத்த ‘ரைஸ்’ நடனத்தைக் காணொளியில் பார்த்ததிலிருந்து, நம் கிராமத்து அசைவுகளைக் கொண்டு ஒரு நிகழ்ச்சி அமைக்க ஆசை. நடவுக்கும் களையெடுப்புக்கும் பொருத்தமான முத்திரை, பாடல், உடை ஆகியவற்றைப் பரிந்துரைப்பீர்களா?

அன்புள்ள தங்கைக்கு,

உடையைத் தையற்காரரிடமும் பாடலை உங்கள் ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரை கேட்டீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். நடவு என்றாலே நம் மேடைகளில் விரல்களைக் குவித்துத் தரையைத் தொட்டு, அவையைப் பார்த்துச் சிரித்தபடி முன்னே வருகிறார்கள். நடுகிறவள் எந்த ஊரிலம்மா முன்னே வருகிறாள்? நட்டதை அவளே மிதிக்கவா?

என் பெரியம்மா நடவுக்குப் போனவர். இடது கையிலிருக்கும் நாற்றுமுடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்துக் கட்டைவிரலால் சேற்றில் அழுத்துவார். கைக்கு அது சின்ன வேலை, பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே செய்துவிடலாம். பாடெல்லாம் இடுப்புக்கும் காலுக்கும்தான். மடிந்த முதுகை நிமிர்த்தாமல், புதைந்த குதிகாலை உருவி உருவிப் பின்னால் வைத்து, வயலின் மறுகரை வரை அப்படியே நகர வேண்டும். மாலையில் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வார். அந்த நிமிர்தலுக்கு எந்த முத்திரையைச் சொல்ல?

லின் தம் ‘கிளவுட் கேட்’ குழுவினரைச் சிஷாங் வயல்களுக்கு அழைத்துப் போய்க் கதிர் அறுக்க வைத்தார். நீங்கள் அவர்களுடைய கைகளை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். பாதம் தரையை அழுத்தும் விதத்துக்காக இன்னொரு முறை பாருங்கள்.

சென்னையில் வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகாவை உங்கள் வகுப்பில் சொல்லித் தந்தார்களா? 1952இல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்த தம் அரங்கேற்றத்தில், ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயித்துக்கொண்டிருந்தபோதே, வெடித்த நிலமும் தண்ணீருக்குக் காத்து நின்ற மக்களும் கண்முன் வந்து தம்மை உலுக்கியதை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1985இல் ‘அங்கிகா’ நடனத்தை அமைத்தபோது கதையையும் நாயகியையும் ஒதுக்கிவிட்டு, கேரளத்துப் போர்க்கலையான களரிப்பயிற்றையும், முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டியையும், முதுகெலும்பையும் பிடித்துக்கொண்டார்.

அந்த அரைமண்டி உங்களுக்குச் சிறு வயதிலிருந்தே கைவந்தது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் பதிலே எழுதியிருக்க மாட்டேன். இயந்திர நடவு வராத ஊர் ஒன்றைப் பாருங்கள். செல்பேசியை வரப்பில் வைத்துவிட்டு இறங்கி, ஓரத்து வரிசையில் நின்று ஒரு வயலை முழுதாக நடுங்கள். வரிசை கோணினால் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.