இனிப்புப் பெட்டி இன்னும் பீரோவில் இருக்கிறது

(அலுவலக வாழ்க்கை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தர்மபுரியில் அரசுப் பணியில் இருந்து 2018இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற நம் வாசகி ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 43. கிருஷ்ணகிரியில் குடியிருக்கிறேன். தேன்கனிக்கோட்டையில் ஒரு துறை அலுவலகத்தில் உதவியாளர் வேலை. காலையில் ஆறரைக்குக் கிளம்பி ராயக்கோட்டை வழியாகப் போகிறேன். வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகிவிடும். கிருஷ்ணகிரியிலேயே ஒரு திட்ட அலுவலகத்தில் அயற்பணியில் (சொந்தத் துறையை விடாமல் வேறு அலுவலகத்தில் சில காலம் பார்க்கும் வேலை) ஓர் இடம் என்று சுற்றறிக்கை வந்தது. விண்ணப்பித்தேன். நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். "உங்க பேருதான் போயிருக்கு" என்று அங்கிருந்தே ஒருவர் போனில் சொன்னார். அன்று மாலையே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினேன். மாமியார் வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். மறுநாள் ஆணை வந்தது. அதில் இருந்தது எனக்கு அடுத்த மேசைக்காரர் பெயர். பணியில் என்னைவிட ஆறு வருடம் இளையவர். எனக்கு வந்தது ஒரே வரி: "விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை." அவர் இன்னும் விடுவிக்கப்படவில்லை; தினமும் பக்கத்தில்தான் உட்காருகிறார். நான் பேசுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஆர்டிஐ போடு என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், அவரைப் பற்றி ஒரு மொட்டைப் பெட்டிஷன் தட்டிவிடு என்கிறார். நீண்ட மருத்துவ விடுப்பில் போய்விடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. மைசூர்பாகுப் பெட்டி இன்னும் பீரோவில் இருக்கிறது. பிரிக்கவே இல்லை.

பதில்: தம்பி, முதலில் அந்த மைசூர்பாகு. உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்குள் ஒன்பது நாள் ஓடியிருக்கிறது. நெய்யில் செய்ததாக இருந்தாலும் இனி காறல் வாடை வர ஆரம்பித்துவிடும். இன்று ராத்திரியே பீரோவைத் திறந்து எடுங்கள். நன்றாக இருந்தால் வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள், கெட்டுப்போயிருந்தால் கொட்டிவிடுங்கள். அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கே கிடையாது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இடம் போனது பற்றி நான்கு வரி. சொல்லிவிட்டோமே என்பதுதான் மீதி முழுக்க. மாமியார், போனில் சொன்ன ஆள், பக்கத்து மேசை. மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது அதுதான். ராயக்கோட்டை பஸ்ஸில் தினமும் போய்வருகிற மனிதர், அந்தப் பஸ்ஸுக்காகத் தூக்கம் கெட்டுப்போக மாட்டார்.

அதனால் ஒரு வாக்கியம் தயார் செய்துகொள்ளுங்கள். "வரலைங்க, வேற ஆளைப் போட்டுட்டாங்க." அவ்வளவுதான். யார் கேட்டாலும் அதே வாக்கியம், அதே குரல். இண்டர்வியூவில் என்ன கேட்டார்கள், யார் யாருக்கு வேண்டியவர் என்று அதற்கு மேல் விளக்கப் போகாதீர்கள். நீங்கள் விளக்கினால் எதிரில் இருப்பவர் ஆறுதல் சொல்லியாக வேண்டும். ஆறுதல் சொன்னவர் அடுத்த டீக்கடையில் அதைக் கதையாகச் சொல்வார். மாமியாருக்கும் மனைவி மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம், நீங்களே போன் போடுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

விடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். என் கதையைச் சொல்கிறேன். 1996. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான், 2004இல்தான் பிரித்தார்கள். நான் அரூரில் இருந்தேன். தர்மபுரியில் ஒரு பயிற்சிப் பிரிவில் ஓர் இடம், விருப்பம் கேட்டார்கள். எனக்குக் கைக்குழந்தை, எனக்குத்தான் கிடைக்கும் என்று அலுவலகமே பேசிக்கொண்டது. கிடைத்தது என் எதிர் மேசைப் பெண்ணுக்கு. மறுநாளே முதுகுவலி என்று மருத்துவச் சான்று வாங்கி இருபது நாள் ஈட்டா விடுப்பு போட்டேன். முதுகில் ஒரு வலியும் இல்லை. வீட்டில் படுத்துக்கொண்டு, நான் இல்லாமல் என் பிரிவு நாறட்டும் என்று காத்திருந்தேன்.

இருபத்தொன்றாம் நாள் போய் மேசையைத் திறந்தால், என் தன்பதிவேட்டில், அதாவது எனக்கு வரும் தபால்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், ஒரு நாள் விடாமல் தபால் பதிவாகியிருக்கிறது. நினைவூட்டு போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தால் அவளுடையது. புது இடத்துக்குப் போவதற்கு முன்னால் தன் வேலையையும் என் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்று எனக்கு வந்த கோபம் அந்த ஆணை வந்த அன்று கூட வரவில்லை. நன்றி சொல்லவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இருபது நாள் விடுப்பு கணக்கில் கழிந்தது கழிந்ததுதான். பிறகு என் அம்மா நிஜமாகவே படுக்கையில் விழுந்தபோது அது கையில் இல்லை.

ஆகவே விடுப்பு வேண்டாம். வேண்டுமானால் இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எடுத்து வீட்டில் தூங்குங்கள். திரும்பிப் போன அன்று காலையிலேயே, மற்றவர்கள் வருவதற்கு முன், அந்தத் தம்பியிடம் "வாழ்த்துகள்" என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள். சிரிக்கக்கூட வேண்டாம். ஒன்பது நாள் தள்ளிப்போட்டதே கஷ்டமாகிவிட்டது, இன்னும் தள்ளினால் அவர் விடுவிக்கப்பட்டே போய்விடுவார். அப்புறம் அவரை எங்கே பார்த்தாலும் நீங்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரி அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

மொட்டைப் பெட்டிஷனா? அந்த நண்பரிடம் இனி டீ குடிக்காதீர்கள். முப்பத்து மூன்று வருடத்தில் நான் பார்த்த மொட்டைக் கடிதாசிகளில் பெரும்பாலானவற்றை யார் எழுதியிருப்பார் என்று பத்து நிமிஷத்தில் பேர் சொல்லிவிடுவோம். "உள்நோக்கத்துடன்" என்ற சொல்லை எங்கே, எப்படி எழுதுகிறார் என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு அநியாயம் நடந்ததா, அல்லது இன்னொருவரை அவர்களுக்குப் பிடித்துப்போனதா? இரண்டும் வேறு. பதவி உயர்வுக்குத் தகுதி இருக்கிறவரைப் பரிசீலிக்காமல் விட்டால் அது அடிப்படை உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் அஜித் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. பரிசீலிக்கப்படுவதுதான் உரிமை, பதவி கிடைப்பதே உரிமை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அயற்பணி அந்த அளவுக்குக்கூட இல்லை. கேட்கிற அலுவலகத்துக்கு யார் வேண்டும், அனுப்புகிற அலுவலகம் யாரை விடும் என்பதில்தான் அது முடிகிறது. நீங்கள் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. அந்தத் தம்பி அங்கே போனாலும் உங்கள் துறைப் பணிமூப்பில் உங்களுக்குக் கீழேதான் இருப்பார். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் வரிசையை அவர் தாண்டிவிடவில்லை.

கடைசிப் பத்து வருடம் இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு மேலே அனுப்புகிற வேலையை நானே பார்த்தேன். ஓர் இடத்துக்கு எட்டுப் பேர் என்றால் ஐந்து பேர் எல்லா விதத்திலும் தகுதியானவர்களாக இருப்பார்கள். அப்புறம் எது தீர்மானிக்கும்? சில சமயம் கணினியில் யார் வேகம் என்பது. பல சமயம் முகப்புக் கடிதத்தில் அந்த அலுவலக அதிகாரி என்ன எழுதியிருக்கிறார் என்பது. "பரிந்துரைக்கப்படுகிறது" என்று இருந்தால் ஒரு மாதிரி, வெறும் "மேலனுப்பப்படுகிறது" என்று இருந்தால் வேறு மாதிரி. நன்றாக வேலை செய்கிறவரைத்தான் எந்த அதிகாரியும் விட மாட்டார். "இவர் போனால் பிரிவு நின்றுவிடும்" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது. உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அதிகாரி ஓய்வாக இருக்கும் ஒரு சாயங்காலம் உள்ளே போய், "ஐயா, அடுத்த தடவை சுற்றறிக்கை வந்தால் என்னை விடுவிக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். "இந்தத் தடவை ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

ஆர்டிஐ போடுவதில் தப்பில்லை. ஆனால் "என்னை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை" என்று கேட்டால் ஒன்றும் வராது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைத்தான் கொடுக்கச் சொல்கிறது, புதிதாக விளக்கம் எழுதித் தரச் சொல்வதில்லை. ஆகவே காகிதத்தைக் கேளுங்கள்: அந்த இடத்துக்கு வகுத்த தகுதி விதிகளின் நகல், உங்கள் விண்ணப்பம் தொடர்பான கோப்புக் குறிப்புப் பக்கங்கள், மதிப்பெண் போட்டிருந்தால் உங்கள் மதிப்பெண். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தத் தம்பியின் விவரங்களைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், அவருக்கும் காதில் விழும்.

உங்கள் மந்தண அறிக்கையில், அதாவது உங்கள் வேலையைப் பற்றி மேலதிகாரி வருடா வருடம் எழுதும் ரகசிய அறிக்கையில், என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேவ் தத் என்று எல்லைச் சாலைப் பணியில் ஒரு பொறியாளர். 1993-94ஆம் ஆண்டு அறிக்கையில் அவருக்கு "நன்று" என்று போட்டிருந்தார்கள். பதவி உயர்வுக்கு "மிக நன்று" வேண்டும். "நன்று"தானே, கெட்டதாக ஒன்றும் இல்லையே என்று அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. 2008இல் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் மனிதர் ஓய்வே பெற்றுவிட்டார். உங்களுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன, இப்போதே கேட்டு வையுங்கள்.

இந்த மூன்று மணி முழிப்பு இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் வெட்கப்படாமல் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

"உங்க பேருதான்" என்று போனில் சொன்னாரே, அவரிடம் கோபப்பட வேண்டாம். இனி ஒன்றும் கேட்கவும் வேண்டாம்.

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வில் (அரசு ஊழியர்கள் எழுதும் துறைத் தேர்வு) மூன்றாவது தடவையும் போய்விட்டது. பவானிசாகர் அரசு ஊழியர் பயிற்சியில் என்னோடு இருந்தவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள். அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள்.

பதில்: நான் எழுதிய காலத்தில் அது புத்தகம் வைத்து எழுதுகிற தேர்வு. "புத்தகத்தைப் பார்த்து எழுதித் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும்மா" என்பார் என் கண்காணிப்பாளர். எனக்கு அந்தத் திறமை இரண்டு முறை இருந்தது. மூன்றாவது முறை, விடை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் படித்தேன். விதி எண் எழுதிய துண்டுக் காகிதங்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினேன், புத்தகம் முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. மே மாதமும் டிசம்பரிலும் தேர்வு வருகிறது. இப்போதைய பாடத்திட்டத்தைத் தேர்வாணைய (டிஎன்பிஎஸ்சி) இணையதளத்தில் பார்த்துவிட்டு இந்த ஞாயிறே உட்காருங்கள். கேலி செய்கிறவர்களில் ஒருவரிடம் அவருடைய பழைய புத்தகத்தை இரவல் கேளுங்கள், கொடுப்பார்.