டைப் ரேட்டிங்குக்கு நிலத்தை அடகு வைக்கலாமா?

தம்பி, சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்து 200 மணி நேரம் பறந்த கணக்கு லாக்புக்கில் இருக்கிறது, ஏர்லைன் அழைப்பு வரவில்லை, குடியாத்தத்து நிலத்தை அடகு வைத்து ஏர்பஸ் ஏ320 விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வேலைக் கடிதம் கைக்கு வரும்வரை அந்தப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

டைப் ரேட்டிங் அந்த ஒரு வகை விமானத்துக்குத்தான் செல்லும். ஏ320க்குப் பணம் கட்டியபின், ஆள் எடுப்பவர்கள் ஏடிஆர் 72-க்கோ போயிங் 737-க்கோ கேட்டால் என்ன செய்வீர்கள்? சிமுலேட்டரில் கற்றதையும் தொடாமல் விட்டால் கை மறந்துவிடும். திரும்பப் பழக, திரும்பப் பணம்.

அதைவிட இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்கைப் பாருங்கள். சம்பளம் குறைவுதான், வெளியூரிலும் தங்க வேண்டியிருக்கும். ஆனால் மாணவருக்குக் கற்றுத்தரும் நேரம் உங்கள் லாக்புக்கில் ஏறும். கேப்டனாக வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு 1500 மணி நேரம் தேவை. அப்புறம், இறங்கும்போது மாணவன் விமானத்தின் மூக்கை அதிகமாகத் தூக்கினால் எந்த நொடியில் கன்ட்ரோலை வாங்குவது என்பது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். அந்த நிதானத்தை எந்த சிமுலேட்டர் கட்டணமும் வாங்கித் தராது.

ஐஆர் (கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி), கிளாஸ் 1 மெடிக்கல் (விமானிக்கான உடல்தகுதிச் சான்று) இரண்டையும் காலாவதியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் ஏடிபிஎல் தேர்வுகளுக்குப் படியுங்கள்.

மல்டி இன்ஜின் (ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள விமானத்துக்கான தகுதி) முடித்தீர்களா? அதை எழுதவில்லையே. இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான்.