பத்து வருடம் விட்டுப்போன கராத்தேவை மறுபடி தொடங்கலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பிரவுன் பெல்ட் வரை போய், வேலை, குடும்பம் என்று பத்து வருடம் விட்டுப்போய், இப்போது 36 வயதில் திரும்பப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய தம் எப்போது வரும், உயர உதை மறுபடி வருமா, வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்கச் சொல்வார்களா என்பது உங்கள் மூன்று கவலைகள். மூன்றும் உங்களைப் பற்றியவை. திரும்பிப் போனபோது என் மனதில் இருந்ததும் இதே மூன்றுதான். எதிரில் நிற்கப்போகிற ஆளைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் போனேன். அதனால் என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் ஷோட்டோகான் என்கிற கராத்தே பிரிவில் பிரவுன் பெல்ட். இரண்டு பிரசவம், அப்புறம் அப்பா படுக்கையில் விழுந்தது என்று ஒன்பது வருடம் போய்விட்டது. அப்பா போன பிறகு, வீட்டில் திடீரென்று மாலை நேரம் காலியாகக் கிடந்தது. 39 வயதில் பழைய மாஸ்டரிடமே திரும்பப் போனேன்.

முதல் நாள் ஹெய்யான் ஷோடான் செய்யச் சொன்னார். அது ஒரு கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் தனியாக வரிசைப்படி செய்யும் அசைவுகள். 21 அசைவுகள். நான் எண்ணவே இல்லை, கால் தானாகப் போனது. ஒன்பதாவதில் ஒரு கியாய் (அடியோடு சேர்ந்து எழுப்பும் சத்தம்), பதினேழாவதில் ஒரு கியாய், இரண்டும் சரியான இடத்தில் தொண்டையிலிருந்து வந்தன. மூச்சு வாங்கியது, தொடை நடுங்கியது, ஆனால் ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. "பரவாயில்லையே, எல்லாம் உடம்புலயே இருக்கு" என்றார் மாஸ்டர். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. ஒன்பது வருடத்தில் என்னிடமிருந்து எவ்வளவோ போயிருந்தது, இது மட்டும் அப்படியே இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் தப்பு.

மூன்றாவது வாரம், கிளாஸின் கடைசிப் பதினைந்து நிமிடம், குமித்தே, அதாவது ஜோடியாக எதிரெதிரே நின்று ஆடும் சண்டைப் பயிற்சி. எனக்கு ஜோடியாக வந்தது 17 வயதுப் பெண், பச்சை பெல்ட். நல்ல வேகம். இரண்டு முறை என்னைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டாள். மூன்றாவது முறை அவள் தோள் லேசாக அசைந்ததைப் பார்த்து நான் முன்னால் இருந்த கையால் குத்தும் கிஸாமி சூக்கி போட்டேன். பழைய நாளில் எனக்குப் பேர் வாங்கித் தந்த அடி அது. அவளும் அதே நொடியில் உள்ளே வந்தாள். என் கை முட்டியில் ஏதோ மெத்தென்று பட்டு, அதற்குப் பின்னால் கெட்டியாக ஒன்று தட்டியது. பல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். கையை எடுத்தபோது கீழ் உதடு பிளந்திருந்தது. வெள்ளைச் சட்டையின் காலரில் ஒரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு. "பரவாயில்லக்கா, நான்தான் உள்ள வந்துட்டேன்" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். சுவரோரமாக உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா எழுந்து வந்து, "இத்தனை வருஷம் கத்துக்கிட்டவங்க நீங்க, பிள்ளையப் போட்டு இப்படி அடிக்கலாமாங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உதட்டில் தையல் போட்டார்கள். அவள் இரண்டு வாரம் வரவில்லை.

மாஸ்டர் திட்டவில்லை. எல்லோரும் போன பிறகு, "உனக்குக் கை மறக்கலம்மா, நிறுத்தத்தான் மறந்திருக்கு. குத்தும்போது கண்ணை மூடுற, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது.

"கராத்தே என்றால் அடி படத்தானே செய்யும்" என்று இதன் கீழே எழுத வருவீர்கள் என்று தெரியும். படும். எனக்கே மூக்கில் ஒருமுறை, விலாவில் பலமுறை பட்டிருக்கிறது. ஆனால் ஷோட்டோகான் பயிற்சியில் முகத்துக்குப் போகும் அடி தோலுக்கு முன்னால் நிற்க வேண்டும். அதற்கு 'சுன்தொமே' என்று பெயர். 'சுன்' பழைய ஜப்பானிய அளவு, ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். 'தொமே' என்றால் நிறுத்துவது. முழு வேகத்தில் போய் அந்த இடைவெளியில் நிற்கத் தெரிந்தவருக்குத்தான் முகத்தை நோக்கிக் கை நீட்ட அனுமதி. முழுவேக அடிக்குப் பேர்போன இன்னொரு பிரிவான கியோகுஷின் போட்டியிலேயே கையால் முகத்தில் குத்துவது தடை. அதனால் "நாங்கள் நிஜமாக அடிக்கிறவர்கள், நீங்கள் நடனம் ஆடுகிறீர்கள்" என்கிற பேச்சை இங்கே தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.

நிறுத்துவது ஏன் முதலில் போகிறது என்று நிறைய யோசித்தேன். நான் மருத்துவர் இல்லை, என் உடம்பில் கண்டதைச் சொல்கிறேன். கட்டா என்பது காலியான இடத்தில் செய்வது. அதற்கு அளவு நம் உடம்பு மட்டும்தான், அதனால் அது அப்படியே பத்திரமாக இருக்கிறது. தூரம் அப்படி இல்லை. எதிராளிக்கும் நமக்கும் நடுவே நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும் அந்த இடைவெளியை 'மா-ஐ' என்பார்கள். அதை அளக்கிற கண் தினமும் ஆள் எதிரில் நின்றால்தான் உயிரோடு இருக்கும். ஒன்பது வருடமாக என் முகத்தை நோக்கி யாரும் பாய்ந்து வரவில்லை. அதனால் வந்ததும் இமை மூடிக்கொண்டது. அதோடு நான் முன்பைவிட ஒன்பது கிலோ கூடியிருந்தேன். அதே பாய்ச்சலில் உடம்பு முன்பைவிட நாலு விரற்கடை கூடுதலாக முன்னால் போகிறது, முன்கால் தொடைக்கு அதைப் பிடித்து நிறுத்தும் பலம் இல்லை. களைப்பு வேறு. அடியைக் கிளப்புவதற்கு வேகம் இருந்தது, பிடிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

இது என்னைப் போலத் திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. உலகத்தின் உச்சியில் இருப்பவருக்கும் ஒரு நொடி தவறும். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7 அன்று, 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் குமித்தே இறுதிப் போட்டி. சவுதி அரேபியாவின் தாரிக் ஹமெதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். தலைக்கு ஓர் உதை. ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதே நினைவிழந்து விழுந்தார். கட்டுப்பாடு இல்லாத அடி என்று ஹமெதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தங்கம் கிடைத்ததே கஞ்ஜாதேவுக்குக் கண் விழித்த பிறகுதான் தெரியும். ஹமெதி அன்று ஜெயித்திருந்தால் சவுதியின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவர் அழுததை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. பார்க்கும்போதெல்லாம் என் முட்டியில் அந்தப் பல் தட்டுவது போலவே இருக்கும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்த இறுதிப் போட்டியால்தான் கராத்தேவை ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள்" என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. பாரிஸ் 2024 பட்டியலில் கராத்தே இல்லை என்பது 2020 டிசம்பரிலேயே உறுதியாகிவிட்டது. டோக்கியோவில் கராத்தேக்காரர்கள் முதல் முறை களத்தில் இறங்கும் முன்பே கதவு சாத்தியாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க அதற்காகத் தயாரான பிள்ளைகள், இது முதலும் கடைசியும் என்று தெரிந்தே போய் விளையாடினார்கள். அவர்களில் ஒருவர் தலையில் பழியைப் போடுவது அநியாயம். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் ஆற்றாமை.

சரி, நான் எப்படி மீண்டேன் என்று சொல்கிறேன். மாஸ்டரிடம் போய், எனக்கு மூன்று மாதம் குமித்தே வேண்டாம், மற்றவர்கள் ஆடும்போது ஓரமாக நின்று பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் சம்மதித்தார், ஆனால் சும்மா நிற்க விடவில்லை. கூரையிலிருந்து ஒரு நூலில் செய்தித்தாள் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார், என் முக உயரத்துக்கு. அதைக் குத்த வேண்டும், தொடக் கூடாது. அடி சரியாக நின்றால் காற்றில் தாள் லேசாக விலகும். தொட்டால் சட்டென்று ஒரு சத்தம் கேட்கும். முதல் வாரம் பத்துக்கு ஆறு சத்தம். அதுவும் நின்ற இடத்திலிருந்து. காலை எடுத்து வைத்துக் குத்தினால் பத்தும் சத்தம்தான்.

அப்போதுதான் அவர் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மெதுவாகப் போய், முன்கால் தரையில் பதியும் நேரமும் கை நிற்கும் நேரமும் ஒன்றாக வரும்வரை அதே வேகம்தான். கண்ணைத் தாளில் வைக்காதே, அதற்குப் பின்னால் சுவரில் ஓர் இடத்தில் வை என்றார். அது ஏன் வேலை செய்கிறது என்று விளக்கத் தெரியவில்லை, ஆனால் இமை மூடுவது அதோடு குறைந்தது. அப்புறம் வீட்டில் சுவருக்கு முன்னால் நின்று, கியாக்கு சூக்கி என்கிற பின்கைக் குத்தை ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துவது. காலையில் முப்பது. கிளாஸ் முடிந்து வந்து, உடம்பு ஓய்ந்திருக்கும்போது இன்னொரு முப்பது. இரண்டாவது முப்பதுதான் முக்கியம். தெம்பாக இருக்கும்போது நிற்கிற கையை நம்பி நான் குமித்தேவுக்குப் போகவில்லை, ஓய்ந்த நேரத்தில் அது நிற்கிறதா என்று பார்த்துத்தான் போனேன். முட்டி சுவரில் பட்டால் அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொள்வேன்.

இரண்டாவது மாதத்திலிருந்து கோஹொன் குமித்தே மட்டும். எங்கே அடிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஐந்து அடி எடுத்து வைத்து, ஐந்து முறை தாக்குவது. புதிதாக வந்தவர்களுக்கான பயிற்சி. அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். அதை அவமானம் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். எனக்கு அந்த மாதங்கள்தான் ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் நிஜமாகக் கராத்தே செய்த மாதங்கள்.

உங்கள் மற்றக் கவலைகளுக்கு வருகிறேன். தம், முதல் நான்கைந்து வாரத்திலேயே நன்றாகத் தெரியும்படி ஏறும், அதை நினைத்துப் பயப்படாதீர்கள். தசைவலி பயிற்சி முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். ஆனால் முதல் நாளே பழைய கணக்கில் குந்தி எழுந்து, வலி தாங்க முடியாமல், சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் அது சாதாரண வலி இல்லை, தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற விஷயம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உயர உதையைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். தசை சீக்கிரம் பலப்பட்டுவிடும், தசைநாண்கள் பின்தங்கித்தான் வரும். பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் மவாஷி கேரியில் ஊன்றிய கால் முழுசாகத் திரும்பாவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும், அதனால் இடுப்பு உயரத்திலேயே உதைத்து, பாதம் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்கு இன்னும் தலை உயரம் வரவில்லை. வராமலே போனாலும் பரவாயில்லை.

பெல்ட். மாஸ்டர் என்னைப் பழைய பெல்ட்டையே கட்டச் சொன்னார். சில இடங்களில் வெள்ளை கட்டச் சொல்வார்கள், சொன்னால் கட்டிவிடுங்கள், சண்டை வேண்டாம். தரவரிசையே கராத்தேவுக்கு ஜூடோவிலிருந்து வந்ததுதான். ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனகோஷி கராத்தேவில் முதல் முதலாக டான் (கறுப்பு பெல்ட்) பட்டம் கொடுத்தது 1924-இல். அதற்கு முன்னால் ஒகினாவாவில் தலைமுறை தலைமுறையாகப் பெல்ட் இல்லாமலேதான் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து வந்தபோது உதட்டில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. இப்போதும் சிரித்தால் தெரியும். நான் அவளிடமும் அவள் அம்மாவிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா தலையாட்டினார், அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. நான்காவது மாதம் குமித்தேவுக்குத் திரும்பியபோது மாஸ்டர் என்னைப் பெரியவர்களோடுதான் நிறுத்தினார். ஆறாவது மாதம் ஒருநாள் ஜோடி பிரிக்கும்போது அவளாகவே என் எதிரில் வந்து நின்றாள். இரண்டு பேர் வாயிலும் மவுத் கார்டு. வணங்கினோம்.

அவள் தோள் அசைந்தது, நான் கை நீட்டினேன். அவள் மோவாய்க்கு முன்னால் என் முட்டி நின்றது. நடுவில் இருந்த இடைவெளியை நான் கண்ணால் பார்த்தேன். அவள் மவுத் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, பயந்து பயந்து வர்றீங்க. இன்னும் கொஞ்சம் வேகமா வாங்க" என்றாள்.