ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்னா என்ன, ஏரியா ஸ்டடீஸ் பண்றவங்க ஏன் அதையே சொல்லிட்டு இருக்காங்க?

சிம்பிளா சொன்னா, ஆராய்ச்சிக் கட்டுரையை யார் வேணாலும் காசு கொடுக்காம, லாகின் பண்ணாம நெட்ல முழுசா படிக்கலாம், அவ்ளோதான். ஏரியா ஸ்டடீஸ்ங்கிறது ஒரு பகுதியை, உதாரணமா தெற்காசியாவை, வரலாறு அரசியல் மானுடவியல்னு பல துறைக்காரங்க சேர்ந்து படிக்கிறது.

இங்கதான் விஷயமே இருக்கு. ஒரு ஊரைப் பத்தி எழுதின கட்டுரையை அந்த ஊர்க்காரங்களே படிக்கணும்னா, காசு வாங்குற ஜர்னல்கள் 30, 40 டாலர் கேட்டா எப்படிங்க? தகவல் கொடுத்தவங்களே அவங்கதானே! எனக்கு இது பெரிய அநியாயமா படுது.

பிரான்ஸ்ல இருந்து 2007லேர்ந்து வர்ற 'சமாஜ்'னு ஒரு தெற்காசிய ஜர்னல், ஓப்பன் எடிஷன்னு ஜர்னல்களை வெளியிடுற ஒரு வெப்சைட்ல இருக்கு, போன்லயே திறந்து பாருங்க, பக்க எண்ணுக்குப் பதிலா ஒவ்வொரு பாராவுக்கும் ஓரத்துல நம்பர் இருக்கும், மேற்கோள் காட்ட அதை வெச்சே சொல்லிடலாம், அவ்ளோ வசதி.

வெயில் காலத்துல தண்ணிப் பந்தல் வைப்பாங்கல்ல, அது மாதிரிதான். குடிக்கிறவங்க காசு தர வேண்டாம், ஆனா பானையை யாரோ தினமும் நிரப்பணும். இங்க அந்தச் செலவைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ அரசு நிதியோ பாத்துக்கும், சில ஜர்னல்கள் மட்டும் எழுதினவங்ககிட்டயே வாங்கும்.

ஃப்ரீயா கிடைக்குதுன்னா தரம் இருக்காதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, 'சமாஜ்'லயும் துறை வல்லுநர்கள் படிச்சுப் பாத்து ஓகே சொன்னாதான் கட்டுரை வெளிய வரும்.