பாக்தினோவ் மாஸ்க் வீட்லயே வெட்டறது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஐப்பசி மழை, மூணு நாளா மொட்டைமாடிக்கே போகல, டெலஸ்கோப் மூலைல சேலைய போத்திக்கிட்டு நிக்குது. அதனால பாக்தினோவ் மாஸ்க், அதாவது டெலஸ்கோப் வாய்ல மாட்டி போகஸ் சரியான்னு பாக்கற கீறல் வெட்டுன அட்டை, அத பத்தி கேட்டவங்களுக்கெல்லாம் இன்னைக்கு உக்காந்து பதில் எழுதறேன். எந்த டெலஸ்கோப் வாங்கலாம்னு மட்டும் கேக்காதீங்க. ரெண்டு விஷயம் மொதல்லயே சொல்லிடறேன், நடுவுலயும் சொல்லுவேன், திட்டாதீங்க: ஒன்னு, இந்த மாஸ்க் சூரியன பாக்கற பில்டர் கிடையாது. ரெண்டு, போகஸ் முடிஞ்சதும் மாஸ்க்க கழட்டுங்க.

மொட்டைமாடி: அக்கா, கோடு கோடா வெட்டுன அட்டைய முன்னாடி மாட்டுனா போகஸ் எப்படி தெரியும்? எனக்கு இது மந்திரம் மாதிரிதான் இருக்கு.

நல்ல கேள்விங்க, நெறைய பேர் இத கேக்காமயே வெட்ட ஆரம்பிச்சர்றாங்க. மாஸ்க் இல்லாம டெலஸ்கோப்ல நட்சத்திரத்த கண்ணால பாத்து போகஸ் வெக்கறப்ப "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ தாண்டிருச்சு"ன்னு திருகிட்டே இருப்போம், ஏன்னா புள்ளி சின்னதாகுதா பெருசாகுதான்னு கடைசி கட்டத்துல கண்ணுக்கு பிடிபடாது. எஃப்/5 டெலஸ்கோப்ல (குவியத்தூரம் வாய் விட்டத்த மாதிரி அஞ்சு மடங்கு) போகஸ் சரியா இருக்கற எடமே மொத்தம் 67 மைக்ரான் சுமாருக்குத்தான், ஒரு தலைமுடி தடிமன்னு வெச்சுக்கங்க. ஒளி வரிசையா இருக்கற கீறல் வழியா போனா கீறலுக்கு குறுக்கால ரெண்டு பக்கமும் நீளமா கோடு இழுக்கும். மாஸ்க்ல மூணு வரிசை இருக்கு, ஒரு பாதி வட்டத்துல நேரா, இன்னொரு பாதிய ரெண்டா பிரிச்சு ஒன்னு இந்தப்பக்கம் 20 டிகிரி, ஒன்னு அந்தப்பக்கம் 20 டிகிரி சாய்ச்சு. அதனால நட்சத்திரத்துல மூணு கோடு தெரியும், ரெண்டு சேந்து பெருக்கல் குறி மாதிரி, ஒன்னு நடுவுல.

இப்போ சூட்சுமம். நேர் கீறல் பாதில நுழையற ஒளி ஒரு பக்கத்துல இருந்து வருது, சாய்வு பாதியோடது எதிர்ப்பக்கத்துல இருந்து வருது. ரெண்டு பேரு எதிரெதிர் சந்துல இருந்து நடந்து வந்து ஒரு டீக்கடைல சந்திக்கற மாதிரி. கடைக்கு முன்னாடி பாத்தா ஒருத்தர் இடது, ஒருத்தர் வலது, கடைய தாண்டிட்டா அப்படியே எடம் மாறிடும். அதனால போகஸுக்கு இந்தப்பக்கம் இருந்தா நடுக்கோடு ஒரு பக்கம் விலகி நிக்கும், அந்தப்பக்கம் போனா மறுபக்கம் விலகும், எந்தப்பக்கம் திருகணும்னே சொல்லிரும். 2005ல ரஷ்யாக்காரர் பாவெல் பாக்தினோவ் பண்ணுன டிசைன் இது. ஆனா ஓட்டை போட்ட தகட்ட வெச்சு போகஸ் பாக்கற யோசனை ரொம்ப பழசு, 1619லயே ஜெர்மன் பாதிரியார் ஷைனர் ரெண்டு ஊசி ஓட்டை போட்டு கண்ணு எப்படி போகஸ் பண்ணுதுன்னு பாத்திருக்காரு, 1900 வாக்குல ஜெர்மனில ஹார்ட்மன்னு ஒரு வானியலாளர் அத டெலஸ்கோப்புக்கு கொண்டுவந்தாரு.

ரோகிணி70: அக்கா என்கிட்ட 114/900 இருக்கு. கீறல் எவ்ளோ அகலம் வெக்கணும், எப்படி வெட்டறது?

குவியத்தூரத்த (114/900ல ரெண்டாவது நம்பர், மி.மீ.ல; மொதலாவது வாயோட விட்டம்) 150ஆல வகுங்க. 900ன்னா 6 மி.மீ. அதுல பாதி கீறல், பாதி பட்டை, ஆக 3 மி.மீ. வெட்டு, 3 மி.மீ. விடு. 150க்கு பதிலா 200 வரைக்கும் எது போட்டு வகுத்தாலும் வேலை செய்யும், நம்பர் பெருசானா கீறல் ஒல்லியாகும், கையால வெட்டறவங்க 150லயே நில்லுங்க.

வெட்டறதுக்கு: குழாயோட வெளி விட்டத்துக்கு டிசைன ஏ4ல பிரிண்ட் எடுங்க, கடைக்காரர்கிட்ட "பேஜுக்கு ஃபிட் பண்ணாதீங்க, 100 பர்சன்ட்ல போடுங்க"ன்னு சொல்லுங்க, வாங்குன ஒடனே ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க. அத கருப்பு சார்ட் ரெண்ட ஒட்டி அதுமேல ஒட்டுங்க, இல்ல 3 மி.மீ. சன்போர்டு (பிவிசி நுரை அட்டை). ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு. ஒவ்வொரு கீறலுக்கும் ரெண்டு முனைலயும் குறுக்கு வெட்ட மொதல்ல போட்டுட்டு அப்பறம் நீளவெட்டு, அப்பத்தான் கத்தி தாண்டி ஓடாது. ஒரே இழுப்புல வெட்டணும்னு அழுத்தாதீங்க, பட்டை பிஞ்சு கையோட வரும். லேசா மூணு தடவ. பழைய பிளேடுல வெட்டுனா அட்டை நார் நாரா தொங்கும், அத பிச்சு எடுக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்.

கேது: சிஸ்டர், 70/700க்கு?

700ஐ 150ஆல வகுங்க. 4.7. பாதி 2.3.

வானம்பார்த்தான்: 150/750க்கு எவ்ளோ மேடம்?

5. பாதி 2.5.

லென்ஸ்மாமா: டெலஸ்கோப் இல்லைங்க, 200 மி.மீ. கேமரா லென்ஸ்தான். வகுத்தா 1.3 வருது, அதுல பாதின்னா நூல் மாதிரி. எப்படி வெட்ட?

வெட்ட முடியாதுங்க, வெட்ட வேண்டியதும் இல்ல. மூணால பெருக்கி 4 மி.மீ. வெச்சுக்கங்க, 2 கீறல் 2 பட்டை. கீறலும் பட்டையும் ஒரே அகலமா இருந்தா ஒன்னாவது விலகலுக்கு (கீறல்ல ஒளி விலகி படிப்படியா விழறதுல மொத படி) அடுத்து ரெண்டாவது காணாம போய் மூணாவது வரும், நாம அந்த மூணாவத பாக்கறோம். கோடு கொஞ்சம் மங்கலா இருக்கும், 5 செகண்ட் எக்ஸ்போஷர் வெச்சு லைவ் வியூல 10 மடங்கு பெருசாக்கி பாருங்க. போகஸ் கெடச்சதும் ரிங்க டேப் போட்டு ஒட்டிருங்க. லென்ஸ்ல போட்டிருக்கற இன்ஃபினிட்டி குறிய நம்பாதீங்க. மாஸ்க்க கழட்டுங்க.

லேசர்கட்: அக்கா கோவிச்சுக்காதீங்க, கையால வெட்டறதெல்லாம் வேஸ்ட். நான் அக்ரிலிக்ல லேசர்ல வெட்டுனேன், ஓரம் கண்ணாடி மாதிரி. கையால வெட்டுனா சாய்வு ஒரு பக்கம் 18 டிகிரி, ஒரு பக்கம் 22ன்னு வரும், நடுக்கோடு சரிபாதில நிக்காது, போகஸே தப்பாயிரும்.

தம்பி, எல்லாரும் சறுக்கற எடம் இதுதான். நடுக்கோடு பெருக்கல் குறிய சரிபாதியா பிரிக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. மூணு கோடும் ஒரே புள்ளில வெட்டணும், அவ்ளோதான். போகஸ்ல இருக்கறப்ப டெலஸ்கோப் வாய்ல எந்த மூலைல நுழைஞ்ச ஒளியும் ஒரே புள்ளிக்குத்தான் வருது, மூணு கோடும் அந்த புள்ளியோட ஒட்டிக்கிட்டிருக்கு. 18, 22ன்னு வெட்டுனா பெருக்கல் குறியே கோணலா தெரியும், ஆனா வெட்டற புள்ளி நகராது.

லேசர்கட்: சரி, பட்டை ஒன்னு அகலமா ஒன்னு ஒல்லியா இருந்தா?

கோடு கொஞ்சம் பிசிறடிக்கும், மங்கும். எடம் மாறாது.

லேசர்கட்: அட்டை வளைஞ்சா? அக்ரிலிக் வளையாது பாருங்க.

வளைஞ்சாலும் ஒன்னும் ஆகாது. என்னோட மொத மாஸ்க் ஒரு கல்யாண பத்திரிகை அட்டைல வெட்டுனது, அந்தப்பக்கம் தங்க கலர்ல பிள்ளையார் இன்னும் இருக்காரு. ஒரு மார்கழி ராத்திரி பனில நனைஞ்சு அப்பளம் மாதிரி நெளிஞ்சிருச்சு, அதோடயே பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்புல ராத்திரி முழுக்க போட்டோ எடுத்தேன், போகஸ்ல ஒரு குறையும் இல்ல. ஏன்னா ஒளி போறது வெட்டுன ஓட்டை வழியா, ஓட்டைல இருக்கறது காத்து. அட்டையோட வேலை மறைக்கறது மட்டும்தான். வளைஞ்ச அட்டையும் நல்லாவே மறைக்கும்.

கண்ணாடிமீன்: அப்போ லேசர்ல வெட்டுன எங்க காசெல்லாம் தண்டமா? இத அளந்து பாத்து சொல்றீங்களா, வாய்ல சொல்றீங்களா?

அளந்துதாங்க சொல்றேன். ஃபிரண்டு ஒருத்தரோட லேசர் மாஸ்க்கையும் என் பிள்ளையார் மாஸ்க்கையும் ஒரே நட்சத்திரத்துல மாத்தி மாத்தி மாட்டி, ஒவ்வொரு தடவையும் போகஸ கலைச்சு புதுசா வெச்சு, போகஸர் வெளிய நீட்டிக்கிட்டிருக்கற நீளத்த டிஜிட்டல் வெர்னியர்ல குறிச்சேன். வித்தியாசம் 0.02, 0.03 மி.மீ. ஒரே மாஸ்க்ல ரெண்டு தடவ பண்ணுனாலே எனக்கு அவ்ளோ வருது. லேசர் மாஸ்க் உறுதி, பத்து வருசம் ஒழைக்கும், பாக்க அழகு, அதெல்லாம் சரி. ஆனா அத வாங்குனாத்தான் போகஸ் வரும்னு ஒரு காலேஜ் பையன்கிட்ட சொல்லாதீங்க, 10 ரூபா சார்ட்ல வர்றது அவனுக்கு போதும்.

லேசர்கட்: ஆனா சரிபாதியா இருந்தா கண்ணுக்கு சட்டுனு தெரியுதுல்ல?

அத ஒத்துக்கறேன். சமமா இருந்தா பாக்க ஈசி. இதுக்கு மேல இந்த சண்டை வேண்டாம், பின்னாடி நெறைய பேர் நிக்கறாங்க.

புதுசு2: ஓட்டைதான் முக்கியம்னா ஓஎச்பி ஷீட்ல கருப்பா பிரிண்ட் போட்டா வெட்டவே வேண்டாமே?

இப்பத்தானே சொன்னேன், ஓட்டைல காத்து இருக்கணும்னு! ஷீட்ல பிரிண்ட் எடுத்தா ஒளி பிளாஸ்டிக் வழியா போகுது, அதோட மேடு பள்ளம் மொத்தமும் படத்துல ஏறும், நட்சத்திரம் நசுங்குன மாதிரி தெரியும். சின்ன கேமரா லென்ஸுக்கு ஒப்பேத்தலாம். 8 இன்ச் டெலஸ்கோப்ல பாக்கவே சகிக்காது.

காந்தல்: 3டி பிரிண்ட் பிஎல்ஏ பிளாஸ்டிக்ல எடுத்தேன், கார்ல வெச்சிருந்தேன், முறுக்கு மாதிரி ஆயிருச்சு.

பிஎல்ஏ 60 டிகிரி பக்கம் போனா எளகிரும், நம்மூர் வெயில்ல கண்ணாடி ஏத்துன கார் உள்ள அது சுலபமா வந்துரும். இன்னும் சூடு தாங்கற பிஈடிஜி பிளாஸ்டிக்ல எடுங்க, இல்ல வீட்ல வைங்க.

மூடிசந்தேகம்: டெலஸ்கோப் மூடிலயே சின்னதா ரெண்டு வட்டம் இருக்கே, அது போகஸ் மாஸ்க்தானே?

இல்லீங்க. அதுல ஒன்னுதான் தொறக்கும், இன்னொன்னு தொறந்த மூடிய சொருகி வெக்கற எடம். பௌர்ணமி நெலா கண்ண கூசுனா பெரிய மூடிய கழட்டாம அந்த சின்னத மட்டும் தொறந்து பாக்கலாம். ஆனா நீங்க நெனச்சதுல ஒரு நியாயம் இருக்கு, வேற அட்டைல எதிரெதிரா ரெண்டு ஓட்டை போட்டா அது ஹார்ட்மன் மாஸ்க். போகஸ் தப்புனா ஒரு நட்சத்திரம் ரெண்டா தெரியும், சரியானா ஒன்னா சேரும். கண்ணால பாக்கறவங்களுக்கு அதுவே தாராளம், ஆனா எந்தப்பக்கம் திருகணும்னு அது சொல்லாது.

வியாழன்பைத்தியம்: வியாழன்ல வெச்சா கோடே தெளிவா வரல.

வராது. அது புள்ளி இல்ல, தட்டு. தட்டோட ஒவ்வொரு எடமும் தனித்தனியா கோடு போட்டு எல்லாம் கலந்து கொழகொழன்னு ஆயிரும். பக்கத்துல ஒரு பளிச்சுனு நட்சத்திரத்துல போகஸ் வெச்சுட்டு வியாழனுக்கு திருப்புங்க.

துருவன்: டிராக்கிங் (நட்சத்திரத்தோட கூடவே திரும்பற மோட்டார்) இல்ல, நட்சத்திரம் ஓடிருது. துருவ நட்சத்திரம் நகராதுன்னு அதுல வெக்கறேன், கோடு ஆடிக்கிட்டே இருக்கு.

யோசனை சரி, ஊர்தான் தப்பு. கோயம்புத்தூர்ல அது 11 டிகிரி உயரத்துலதான் நிக்கும், கன்னியாகுமரில 8. தரையோட ஒட்டுன காத்து மொத்தத்தையும் தாண்டி வர்ற ஒளி, ஆடத்தான் செய்யும். இப்போ ஐப்பசி சாயங்காலம்னா வடமேக்கால வேகா நட்சத்திரம், எட்டு மணிக்கு மேல கிழக்கால ரோகிணி நட்சத்திரம் ஏறும், கொஞ்சம் ஒசர விட்டு வைங்க. கண்ணுமுன்னாடி ஓடுனா ஓடட்டும், பாத்துட்டு மறுபடி இழுத்துக்கங்க.

வானம்பார்த்தான்: மேடம் 203/1200க்கு?

நீங்க ஏற்கனவே ஒன்னு கேட்டீங்க. வகுங்க.

படம்: அக்கா நேத்து எடுத்த 40 போட்டோலயும் எல்லா நட்சத்திரத்துலயும் பெருக்கல் குறி இருக்கு, லென்ஸ் கெட்டுப்போச்சா?

மாஸ்க்க கழட்டல.

கிரகணம்: மாஸ்க் பாதி ஒளிய மறைக்குதுல்ல, அப்போ சூரியன பாக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. மீதி பாதி ஒளியே ஒரு நொடில கண்ண காவு வாங்கிரும். வாய் முழுக்க மூடற சோலார் ஃபிலிம் இல்லாம சூரியன் பக்கமே டெலஸ்கோப்ப திருப்பாதீங்க, வீட்ல கொழந்தைங்க இருந்தா பகல்ல வெளிய விட்டுட்டு உள்ள போகாதீங்க.

பிகினர்: பத்தாயிரத்துக்குள்ள எந்த டெலஸ்கோப் நல்லது?

மேல போய் மொத பத்திய படிங்க.

சுவாதி: சாயங்காலம் ஒருதடவ போகஸ் வெச்சா விடிய விடிய போதுமாக்கா? என்னது 200/1000 நியூட்டோனியன் (குழிக்கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்).

போதாதுங்க. அலுமினிய குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் சுருங்கும். ஏழு மணில இருந்து நடுராத்திரிக்குள்ள 5 டிகிரி எறங்குச்சுன்னா 115 மைக்ரான். உங்களுது எஃப்/5, மேல சொன்ன 67 மைக்ரான் எங்க, இது எங்க. மணிக்கு ஒருதடவ மாஸ்க்க மாட்டி பாருங்க, பில்டர் மாத்துனாலும் பாருங்க. மாட்டுறத மறந்தா ஒரு மணி நேர படம் போச்சு, கழட்டுறத மறந்தாலும் ஒரு மணி நேர படம் போச்சு. நான் கழட்டி கழுத்துல கயிறு கட்டி தொங்க விட்டுக்குவேன், நெஞ்சுல பிள்ளையார் இருந்தா டெலஸ்கோப்ல மாஸ்க் இல்லன்னு அர்த்தம்.

மழை விட்ட மாதிரி இருக்கு, சேலைய எடுத்துட்டு வர்றேன்.